அக்ரி ஆபீசர் வயலுக்கு எப்போது வருவார்?

போன நவம்பரில் திருவாரூர் மாவட்டத்து வாய்க்கால் கரை ஒன்றில் நின்றிருந்தேன். சம்பா நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் ஒரு நெற்குத்தை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். அதன் தூரில் நான்கைந்து கிளைகள் வெங்காயத்தாள் போலக் குழலாக நீண்டு வெளுத்திருந்தன. எதிரே அந்தப் பகுதியின் உதவி வேளாண்மை அலுவலர், முப்பது வயதுப் பெண், கைபேசியை வெயிலுக்கு மறைத்துப் பிடித்தபடி நின்றார். பக்கத்து வயலில் போட்டிருந்த செயல்விளக்கத் திடலின் புகைப்படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அம்மா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

“ஒரு நிமிஷங்க ஐயா. இந்த போட்டோ அஞ்சு மணிக்குள்ள ஏறணும்.”

படம் ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு அவர் குத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். “ஆனைக்கொம்பன். பத்து நாளைக்கு முன்னாடி பார்த்திருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்.” பெரியவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பத்து நாளைக்கு முன்னாடியும் நீங்க இந்த வரப்புலதாம்மா நின்னீங்க. அன்னைக்கும் போட்டோ எடுக்கத்தான் வந்தீங்க.”

அலுவலர் பதில் சொல்லவில்லை.

ஆனைக்கொம்பன் ஈ பார்க்கக் கொசுவைப் போலிருக்கும். அதன் புழு தூரின் வளர்நுனிக்குள் புகுந்துவிட்டால் இலை குழலாக மாறும். அந்தக் கிளையில் கதிர் வராது. குழல் வெளியே தெரிந்த பிறகு அந்தக் கிளைக்கு எந்த மருந்தும் பலிக்காது; மீதியைக் காக்கலாம், அவ்வளவுதான். இந்தப் பூச்சியில் எல்லாமே நாள் கணக்கு. அந்த அலுவலரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காலை எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மூன்று ஊராட்சிகளைச் சுற்றிவிட்டு வந்தவர் அவர். பயிரைப் பார்த்ததும் நோயைச் சொல்லும் அறிவும் அவருக்கு இருந்தது. அன்றைய வேலைக்கணக்கில் திடலின் படம் பதிவாகியிருக்கும். பெரியவர் பிடுங்கி வந்த நெற்குத்து எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

தமிழ்நாட்டின் வேளாண் விரிவாக்கப் பணிக்குள் கைபேசி நுழைந்த வழியே தவறு என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். விவசாயிக்கு யோசனை சொல்ல அலுவலருக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய கருவி, மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பும் கருவியாக வந்து சேர்ந்துவிட்டது. பிறகு அந்தக் கணக்கே வேலை என்று ஆகிவிட்டது. எத்தனை பதிவு ஏறியது, எத்தனை நிலுவை என்ற பட்டியலை வைத்துத்தான் இன்று ஒரு அலுவலர் நன்றாக வேலை செய்கிறாரா இல்லையா என்று முடிவு செய்யப்படுகிறது.

வயலுக்குப் புதிய கருவி வருவது நமக்கு முதல் முறை இல்லை. 1960-61இல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளில் அந்த ரகத்தைப் பற்றி, அதன் நாற்று வயதையும் உர அளவையும் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மாலையில் டீக்கடை ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஒரு பயிர் ரகத்துக்கு அதை அறிமுகப்படுத்திய ஊடகத்தின் பெயரையே மக்கள் வைப்பது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன?

ஆனால் ரேடியோ சொல்லி முடித்ததும் நெல் தானாக வயலுக்கு நடந்து வந்துவிடவில்லை. மறுநாள் காலை சைக்கிளில் கிராம சேவக் வந்தார். 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் உருவான பதவி அது. இன்றைய உதவி வேளாண்மை அலுவலருக்கு மூதாதை. “ரேடியோவில் சொன்னாங்களே, அந்த விதை டிப்போவுக்கு வந்திருக்கா?” என்று விவசாயி கேட்டார். பதில் சொல்ல ஆள் இருந்தது. வானொலி செய்தியைப் பொதுவாகச் சொல்லியது. இந்த மண்ணுக்கு எவ்வளவு, இந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் என்பதைக் கிராம சேவக் சொன்னார். ரேடியோ அவருடைய ஒரு மணி நேரத்தையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவர் போவதற்கு முன்பே பாதிப் பேச்சை அது பேசி முடித்திருந்தது.

1980களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியோடு ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்ற முறை தமிழ்நாட்டுக்கு வந்தது. டேனியல் பெனோர் என்பவர் வகுத்த முறை. அதற்கு மேலிருந்து கீழ் உத்தரவிடும் குணம் இருந்தது என்ற விமர்சனம் சரியானது. ஒரே செய்தியை எல்லா ஊருக்கும் சொன்னார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் அதில் இரண்டு விஷயங்கள் பொன்னானவை. இந்த ஊருக்கு இன்ன கிழமை அலுவலர் வருவார் என்பது முன்கூட்டியே தெரியும். பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. இரண்டாவது, விரிவாக்கப் பணியாளருக்கு விரிவாக்கத்தைத் தவிர வேறு வேலை தரக் கூடாது என்பதை அந்த முறை விதியாகவே வைத்திருந்தது. மானியம், உர விற்பனை, கடன் வசூல், கணக்கெடுப்பு எதுவும் அவர் தலையில் ஏறக் கூடாது. வெளிநாட்டுப் பணம் நின்றதும் அந்த முறை மெல்லத் தேய்ந்தது. விதியும் அதோடு போயிற்று.

2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களிடம் ‘உங்களுக்கு நவீனத் தொழில்நுட்பத் தகவல் எங்கிருந்து கிடைக்கிறது’ என்று கேட்டது. பத்தில் நான்கு குடும்பங்களுக்குத்தான் எந்த வழியிலாவது தகவல் கிடைத்தது. முன்னோடி விவசாயிகளிடமிருந்து பெற்றவர்கள் 16.7 சதவீதம், இடுபொருள் கடைக்காரரிடமிருந்து 13.1 சதவீதம், வானொலியிலிருந்து 13 சதவீதம். அரசின் விரிவாக்கப் பணியாளர் மூலம் பெற்றவர்கள் 5.7 சதவீதம் மட்டுமே. அப்போது கிராமத்தில் யார் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை. அலுவலர் வயலுக்கு வராதது செயலிகள் உண்டாக்கிய நோய் என்று நான் சொல்லவில்லை. நோய் பழையது. அதற்கு மருந்தாகும் என்று நம்பிக் கொண்டுவந்த கருவி, இருந்த கொஞ்ச நேரத்தையும் உறிஞ்சுகிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பூச்சிமருந்துக் கடைக்காரர் அந்தப் பட்டியலில் மேலே இருப்பதில் வியப்பில்லை. இலையை எடுத்துக்கொண்டு போனால் அவர் உடனே ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். கடனுக்கும் தருவார். அவர் சொல்வது சரியா தவறா என்பது அறுவடையில்தான் தெரியும். அரசு அலுவலர் ஒருவருக்கு மட்டும்தான் விவசாயிக்கு எதையும் விற்று லாபம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ‘மருந்து வேண்டாம், வயலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவைக் குறையுங்கள்’ என்று சொல்லும் இடம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் ஒரு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும். அதைச் சொல்ல வேண்டியவர் ஓடிபிக்காகக் காத்திருக்கிறார்.

அவர் தினமும் எதற்குள் எல்லாம் நுழைந்து வெளியே வருகிறார் என்று பாருங்கள். 2018இல் உழவன் செயலி வந்தது. மானியப் பதிவு, வானிலை, சந்தை விலை, விதை இருப்பு, உதவி வேளாண்மை அலுவலரின் வருகை விவரம் என்று பல சேவைகள் அதில் உண்டு; விவசாயியைப் பதிவு செய்து கொடுப்பது பெரும்பாலும் அலுவலர்தான். மானியத் திட்டங்களுக்கு வேளாண் துறையின் தனி இணையதளம். மத்திய அரசின் கிசான் உதவித்தொகைக்கு ஆதார் சரிபார்ப்பு, நில ஆவண இணைப்பு. பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை வந்தால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டி, அறுத்து, எடைபோட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். மண் மாதிரி எடுத்தால் அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை. 2024 ஆகஸ்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்புக்கு ஒரு செயலி வந்தது. 2025இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் முகாம்கள். டிப்போவில் விதையும் உயிர் உரமும் விற்றால் அதற்கும் இருப்புக் கணக்கு. இவை போதாதென்று எல்லாவற்றையும் மறுபடி ஒரு எக்செல் தாளில் நிரப்பி வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் மாலை நேர உத்தரவு.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. போலி மானியத்தைத் தடுக்கப் புவிக்குறியீட்டுப் படம் வேண்டும். நேர்மையான இழப்பீட்டுக்கு அறுவடைப் பரிசோதனையின் பதிவு வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஒரே விவசாயியின் பெயர், ஆதார், சர்வே எண், செல்பேசி எண் ஆகியவற்றை அதே அலுவலர் வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் தட்டுகிறார். பல திரைகள் ஆங்கிலத்தில். பகலில் சர்வர் நெரிசல் என்பதால் பதிவேற்றம் இரவு பத்து மணிக்கு வீட்டில் நடக்கிறது. கைபேசி பெரும்பாலும் அவருடைய சொந்தக் கைபேசி. டேட்டாவும் சொந்தக் காசு. ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ வேலை பார்ப்பவர் சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடிப் போய்ப் பதிவேற்றுகிறார்.

தகவல் தொழில்நுட்பத்தை ஊழியர்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்று ஆராய்வோர் 1989இல் ஃப்ரெட் டேவிஸ் முன்வைத்த கருத்தை இன்றும் எடுத்தாள்கிறார்கள்: இது என் வேலைக்கு உதவும் என்ற எண்ணமும், இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமும் இருந்தால் மனிதர்கள் கருவியை ஏற்றுக்கொள்வார்கள். நம் அலுவலர்களுக்கு ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியே எழவில்லை. உத்தரவு வந்தது, இறக்கிக்கொண்டார்கள். ஆகவே எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணினால் நூற்றுக்கு நூறு வரும். அதை வைத்து டிஜிட்டல்மயம் வெற்றி என்று அறிவித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் செயலி வந்த பிறகு அந்த அலுவலர் முன்பைவிட அதிக வயல்களுக்குள் இறங்கினாரா? விவசாயியின் கேள்விக்கு முன்பைவிடச் சீக்கிரம் பதில் கிடைத்ததா?

கணக்கே வேலையாகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டு கிசான் உதவித்தொகை முறைகேடு மிகப் பெரிய சாட்சி. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அந்தத் திட்டத்தில், ஊரடங்கு மாதங்களில் இணையம் வழியாக விவசாயிகளைச் சேர்க்கும் வழி திறக்கப்பட்டது. ஒப்புதல் தர வேண்டியது வேளாண் அலுவலகங்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் என்று பல மாவட்டங்களில் விவசாயிகளே இல்லாத லட்சக்கணக்கானோர் பட்டியலில் ஏறினார்கள். அலுவலகங்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்தப் பணியாளர்கள், கணினி மைய இடைத்தரகர்கள் கைகளில் புழங்கியது வெளியே வந்தது. முறைகேடு 110 கோடி ரூபாயைத் தாண்டும் என்று அன்றைய வேளாண் துறைச் செயலரே அறிவித்தார். சிபிசிஐடி விசாரித்தது, பலர் கைதானார்கள், பலர் பணியை இழந்தார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு துணை போனவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் கடவுச்சொல் ஏன் அத்தனை எளிதாகக் கை மாறியது என்பதை யோசிக்க வேண்டும். பல அலுவலகங்களில் அது திருட்டுக்காகக் கை மாறவில்லை. வேலையை முடிப்பதற்காக மாறியது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பதிவுகளை முடிக்க வேண்டும், கணினி ஒன்றுதான், ஆள் போதாது என்றால் தற்காலிக ஊழியரிடம் லாகினைக் கொடுப்பது வழக்கமாகிவிடுகிறது. இன்றும் பல இடங்களில் அப்படித்தான். திருடன் பிறகு அதே கதவு வழியே நுழைந்தான். நேர்மையைக் காக்கக் கொண்டுவந்த கருவி, செய்து முடிக்க முடியாத அளவுக்கு வேலையைக் குவித்தபோது, நேர்மையின்மைக்கு வழி விட்டது. ஐந்து ஆண்டுகள் கடந்தும் இந்தப் பாடத்தைத் துறை முழுமையாகப் படிக்கவில்லை.

2024 நவம்பரில் நடந்ததும் அதே கதை. மத்திய அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் ஒரு பகுதியான மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில், ஒவ்வொரு உட்பிரிவு நிலத்துக்கும் நேரில் போய், அங்கே நின்று படமெடுத்துப் பதிய வேண்டும். பணிச்சுமையையும் கருவி வசதி இல்லாததையும் காட்டி கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்தார்கள். வேளாண் கல்லூரி மாணவ மாணவிகள் வயல்களில் இறக்கப்பட்டார்கள். மழைக்காலம், வரப்பு தெரியாத வயல், பாம்பு நடமாட்டம். அரசியல் கட்சிகள் எதிர்த்தன, அரசு விளக்கம் தந்தது. விவாதம் மாணவர்களின் பாதுகாப்பைப் பற்றியே இருந்தது; அது முறைதான். ஆனால் பயிர் மருத்துவமும் படிக்கும் பிள்ளைகளைப் பயிர்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, நோயைப் பார்க்கச் சொல்லாமல் நிலத்தின் எண்ணைப் பதியச் சொன்னோம் என்பதை யாரும் பேசவில்லை. அவர்களில் சிலராவது நாளை வேளாண் அலுவலர்களாக வருவார்கள். வேலை என்றால் இதுதான் என்று முதல் பாடத்தையே அப்படிக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

கைபேசியைத் தூக்கிப் போடு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சரியான கையில் சரியான வேலைக்குப் பயன்பட்டபோது என்ன செய்தது என்பதை 2018இல் பார்த்தோம். அமெரிக்கப் படைப்புழு அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, சில மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளத்தை மொய்த்தது. விவசாயிகள் வழக்கமான தண்டுத்துளைப்பான் என்றே முதலில் நினைத்தார்கள். புழுவின் தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்ட வேண்டும். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் அலுவலருக்கு அலுவலர், ஊருக்கு ஊர் பறந்தது. விவசாயிகள் தங்கள் வயலில் கிடைத்த புழுவைப் படமெடுத்து அனுப்பி ‘இதுதானா’ என்று கேட்டார்கள். குருத்துக்குள் எப்படி மருந்து விழ வேண்டும் என்பதைக் காட்டும் வீடியோக்கள் சுற்றின. எந்தப் படமும் இலக்குக்காக எடுக்கப்படவில்லை. கேட்டவரும் பதில் சொன்னவரும் பயிரைப் பற்றியே பேசினார்கள்.

அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1998இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வில்லியனூரில் நடுமையம். கடற்கரைக் கிராமங்களில் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். உள்ளூர்க்காரர்களே மையத்தை நடத்தினார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, வெளிநாட்டில் இருந்த தங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், அந்தக் கடற்கரைக் கிராமங்களில் ஒன்றான நல்லவாட்டின் மக்கள் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில்தான் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஊர் தப்பியது. தகவல் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முதலில் யோசித்துவிட்டு, பிறகு கருவியைத் தேர்ந்த இடம் அது.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் 2006இல் ரிகின் காந்தி தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சியும் இதையே காட்டியது. உள்ளூர் விவசாயிகளை வைத்தே சிறு வீடியோக்கள் எடுத்துக் கிராமங்களில் திரையிட்டார்கள். வெறுமனே ஓடவிட்டால் பலன் குறைவு. கூட்டத்தின் நடுவே ஊர்க்காரர் ஒருவர் நின்று, படத்தை நிறுத்தி, ‘உங்க வயலில் இப்படிச் செய்ய முடியுமா’ என்று கேட்டபோதுதான் விவசாயிகள் வீட்டுக்குப் போய் முயன்று பார்த்தார்கள். இயந்திரத்தோடு ஒரு மனிதர் இருந்தார். அவருக்குப் பேச நேரமும் இருந்தது.

கைபேசியால் முடியாததும் உண்டு. புகையான் நெல்லின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இருந்து எடுத்த படத்தில் பயிர் பச்சைப் பசேல் என்று தெரியும். ஒரு வாரத்தில் வயலில் வட்டம் வட்டமாகப் புகைந்தாற்போல் காய்ந்துவிடும். சேற்றில் இறங்கி, குத்தைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் எத்தனை பூச்சி விழுகிறது என்று பார்க்க வேண்டும். கால் நனையாமல் புகையானைக் கண்டுபிடிக்க இன்றுவரை எந்தச் செயலியும் இல்லை. அதே நெல்லுக்கு யூரியா எப்போது போடலாம் என்று சொல்ல, பச்சை நிறக் கோடுகள் கொண்ட பிளாஸ்டிக் இலை வண்ண அட்டை போதும். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். அந்த அட்டையை எப்படிப் பார்ப்பது என்று பக்கத்தில் நின்று ஒருவர் இரண்டு தடவை காட்ட வேண்டும். அந்த இரண்டு தடவைக்குத்தான் ஆள் இல்லை.

பெண் அலுவலர்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று களத்தில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான விவசாயிகளின் குழுக்களில் அவர்களுடைய சொந்த எண் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கும் அழைப்பு வருகிறது. எல்லா அழைப்பும் பயிருக்காக வருவதில்லை. அலுவல் எண் என்று ஒன்றைக் கொடுக்க அரசுக்கு ஆகும் செலவு அற்பம். ஒரு அலுவலர் என்னிடம், “குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர போனை எடுத்தா, பெண்டிங் லிஸ்ட்தான் முதல்ல வருது” என்றார்.

அரசுக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவதும் முக்கியமானதும் இதுதான்: ஒரு விவசாயியின் விவரத்தை ஒரே ஒரு முறை பதிவு செய்யுங்கள். தனித்துவ எண் வந்துவிட்டது. சர்வே எண்ணைத் தட்டினால் மண்ணின் தன்மை தெரியும் ‘தமிழ் மண்வளம்’ தளம் 2023 முதல் இருக்கிறது. இவை எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். அலுவலர் வரப்பில் நின்று எண்ணைத் தட்டினால் அந்த நிலத்தின் மண், போன போகத்துப் பயிர், வாங்கிய விதை, வந்த நோய் அத்தனையும் அவர் முன்னால் விரிய வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அவர் மேலே அனுப்பிய தகவலில் ஒரு துளிகூட அவருக்கே திரும்பி வந்து பயன்படுவதில்லை. அது திரும்பி வரட்டும். அன்றுமுதல் அவரே செயலியைத் தேடித் திறப்பார்.

பதிவேற்றும் வேலைக்கு ஒவ்வொரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் நிரந்தரமான கணினிப் பணியாளர்கள் வேண்டும். அவர்களுக்குத் தனித்தனி லாகின், தனித்தனிப் பொறுப்பு. ஊர்களில் படித்த பெண்கள் சுயஉதவிக் குழுக்களில் இருக்கிறார்கள்; பயிர்க் கணக்கெடுப்புக்கு அவர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுங்கள். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். ஒருவரை இரண்டு ஆளின் ஊர்களுக்கு அனுப்பிவிட்டு எந்தக் கருவியைக் கொடுத்தும் பயனில்லை. 2025 மே மாதம் தொடங்கிய ‘உழவரைத் தேடி’ முகாம்களில் அலுவலர்கள் குறித்த வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கே வருகிறார்கள். நல்ல தொடக்கம். அந்த முகாமிலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மனு பதிவதோடு நிறுத்திக்கொள்ளாமல், பாதி நேரமாவது வயலுக்குள் நடக்கச் சொல்லுங்கள்.

வேலையை அளக்கும் கோலையும் மாற்ற வேண்டும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியலைத் திரையில் போட்டு அலுவலரை எழுப்பி நிறுத்துகிறார்கள். அங்கே இன்னொரு கேள்வியும் கேட்கப்படட்டும்: இந்த மாதம் எத்தனை விவசாயிகள் உங்களிடம் சந்தேகம் கேட்டார்கள், எத்தனை பேருக்கு எத்தனை நாளில் பதில் சொன்னீர்கள்? பதிலைச் சரிபார்க்க விவசாயிக்கே ஒரு குறுஞ்செய்தி போதும்; அதற்கான தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர்கள் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதையே கேட்கத் தொடங்கினால், மூன்று மாதத்தில் கீழே வேலையின் முகம் மாறும்.

திருவாரூர்ப் பெரியவருக்கு அந்தப் போகத்தில் வழக்கமான விளைச்சல் வரவில்லை. அடுத்த சம்பாவுக்கு ஆகஸ்டில் நாற்று விடுவார்கள். அதற்கு முன்பு, வாரத்தில் மூன்று நாள் காலைப் பொழுதில் எந்தப் பதிவும் எந்த அறிக்கையும் எந்த வாட்ஸ்அப் உத்தரவும் இல்லாமல் உதவி வேளாண்மை அலுவலர்கள் வயலில் மட்டும் இருக்க வேண்டும் என்று வேளாண்மை–உழவர் நலத்துறை ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டும்.